பறந்தால் அரை மணி

வடகரப்பதிச் சென்னியப்பனுக்கு ரோடுகளின் மேல் மரியாதை கிடையாது. ரோடு போடுகிறவன் வளைத்துத்தான் போடுவான், வளைத்தால்தான் அவனுக்கு வேலை நீளும் என்பது அவர் கட்சி. வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்கு ஊர் முழுக்க ரோட்டில் போகும். அவர் காட்டுக்குள் இறங்கி, காளையைப் பிடித்துக்கொண்டு, கடலைச் செடிகளுக்கு நடுவே நேராகப் போவார்.

பக்கத்துக் காட்டு நாச்சம்மாள் ஒருமுறை வழிமறித்தாள்.

"ஏனுங்க, எங்க காட்டுக்குள்ள ரோடு போவுதுங்களா?"

"ரோடு போவல. நான் போறேன்."

"காளையும் போவுது. கடலையும் போவுது."

"உன்ர கடலைக்கு நான் பொறுப்பு. என்ர நேரம் போனா நீ பொறுப்பா?"

அப்படி மிச்சம் பிடித்த நேரத்தை அவர் சந்தை டீக்கடையில் உட்கார்ந்து செலவழித்தார். ரோட்டில் வருகிறவர்கள் வந்து சேரும்வரை அவரோடு பேச ஆள் இருக்காது.

அவர் தோட்டத்தின் கிழக்கு வேலிதான் கேரளத்துக்கும் வேலி. அரசாங்கம் ரோட்டில் செக்போஸ்ட் வைத்து லாரிகளை நிறுத்திக்கொண்டிருந்தது. சென்னியப்பனின் எருமை வேலிச் சந்தில் புகுந்து தமிழ்நாட்டில் மேய்ந்துவிட்டுப் பொழுதோடு கேரளத்துக்குத் திரும்பியது. அதை அவர் பலரிடம் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார்.

அவருக்கு ஒரே மகள், முத்தாத்தாள். எழுபத்துமூன்றாம் வருஷம் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள்.

அந்தப் பக்கத்துக் குடியானவக் குடும்பங்களில் பெண் கொடுக்கும் தூரத்துக்கு ஓர் அளவு உண்டு. அதை மைலில் சொல்வதில்லை. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டார் புதுச்சீலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதற்குக் கோடி என்று பெயர். கோடி விழாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். பிணத்தை எடுக்காமல் அந்த வீதியில் யாரும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். ஆகவே சாவுச் சேதி போய்ச் சீலை வந்து சேர்வதற்குள் பிணம் கெடாத தூரத்தில்தான் பெண் கொடுக்கலாம். வெயில் ஊர் என்பதால் அந்தத் தூரம் பெரிதில்லை. பொள்ளாச்சி தாண்டினால் யோசிப்பார்கள். உடுமலைப்பேட்டை தாண்டினால் யோசிக்கவும் மாட்டார்கள். பத்தொன்பது வயதுப் பெண்ணின் கல்யாணப் பேச்சை அவள் பிணத்திலிருந்து தொடங்குவதில் யாரும் குற்றம் காணவில்லை.

வண்டன்மேட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பெயர் ரத்தினசாமி. அவன் அப்பா பொங்கியண்ணன், காங்கேயம் பக்கத்து ஆள். இருபது வருஷத்துக்கு முன்பு மலையேறிப் போய் ஏலக்காய் போட்டவர்.

"வண்டன்மேடா? அது எங்கீங்க இருக்குது?" என்று கேட்டாள் சென்னியப்பனின் மனைவி கமலாத்தாள்.

"இடுக்கி ஜில்லா. நம்ம கேரளாதான்."

"கேரளாவாவே இருக்கட்டும். தூரமுங்க."

அதுவரை சென்னியப்பனுக்கு அந்தச் சம்பந்தத்தில் பெரிய அக்கறை இல்லை. தூரம் என்ற சொல் காதில் விழுந்ததும் பிடித்துப்போய்விட்டது.

முத்தாத்தாளை யாரும் கேட்கவில்லை. அவளாக அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அங்க ஊட்டு முன்னாலயே தண்ணி ஓடுதாமா?"

வடகரப்பதிக் கிணறுகளில் தண்ணீரைப் பார்க்க வேண்டுமானால் விளிம்பில் குனிந்து கொஞ்ச நேரம் கண்ணைப் பழக்க வேண்டும். குடம் சுமந்த பெண் கேட்ட கேள்வி அது. ஓடுகிறதாம் என்றாள் கமலாத்தாள், வேண்டா வெறுப்பாக.

அடுத்த சந்தையில் சென்னியப்பன் மத்தியாஸைப் பிடித்தார். மத்தியாஸ் வேலந்தாவளத்துக்காரன், சூலூர் விமானத் தளத்தில் மெக்கானிக். லீவில் வந்தால் அப்பாவுக்குத் துணையாக மாடு விற்கச் சந்தைக்கு வருவான்.

"இங்கிருந்து வண்டன்மேடு நேராப் போனா எத்தன தூரமப்பா?"

"நேரான்னா?"

"பிளேனு போற மாதிரி."

மத்தியாஸுக்கு இந்த மாதிரிக் கேள்வி பிடிக்கும். கீழே கிடந்த சாணி உருண்டையை மாட்டுக்கோலால் தொட்டு, "இது வேலந்தாவளம்" என்றான். எட்டப் போய் ஒரு பீடித்துண்டை வைத்து, "அது வண்டன்மேடு" என்றான். இரண்டுக்கும் நடுவே கோலால் ஒரு கோடு இழுத்தான்.

"நடுவுல ஆனமல, மூணாறெல்லாம் கெடக்குதுங்க. மேல போறவனுக்கு அதெல்லாம் கணக்கில்ல. எண்பது மைலுக்கு உள்ளதான்."

"நேரம்?"

"அரை மணின்னு வெச்சுக்குங்க. அதுகூட ஆவாது."

சென்னியப்பன் அந்தக் கோட்டைச் சாமியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவர் ஆயுளில் பார்த்தவற்றில் அதுதான் மிக நேரானது. ஒரு கன்றுக்குட்டி அதை மிதித்துக்கொண்டு போயிற்று. அதற்குள் அவர் வீட்டைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்.

"ஏப்பா, அங்க எங்க எறங்கறது?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"எறங்க எடமில்லீங்க. எல்லாம் ஏலக்காட்டு மல" என்றான் மத்தியாஸ். "அவரு பறக்கற நேரத்தத்தானுங்க கேட்டாரு."

சென்னியப்பன் கடலைக் காட்டுக்குள் பாதி தூரம் போயிருந்தார்.

வீட்டில் அவர் இதைச் சொன்னபோது கமலாத்தாள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"பிளேனு ஆருங்க உடறாங்க?"

"நான் தூரத்தச் சொல்றேன். வண்டியப் பத்திச் சொல்லல."

"வண்டியில்லாத தூரத்த வெச்சுட்டு என்ன பண்றது?"

"வண்டி இன்னிக்கில்லீனா நாளைக்கு வரும். தூரம் மாறுமா?"

பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். காலையில் வருவதாகச் சொன்னவர்கள் மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் வந்தார்கள். ரத்தினசாமியின் வெள்ளைச் சட்டை செம்மண் நிறமாகியிருந்தது. அவன் அம்மா பெரியம்மாள் மலை வளைவுகளில் வாந்தியெடுத்து, அதன்பிறகு பஸ்களில் தூங்கி, ஏழெட்டு ஊர்களின் தூசியைத் தலையில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

"வாங்க, வாங்க. பக்கத்துலதான் இருக்கறீங்க" என்று சென்னியப்பன் வரவேற்றார்.

பெரியம்மாள் திரும்பிப் பார்த்தார். வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்திருக்கலாம்.

பெண்கள் உள்ளே பேசிக்கொண்டார்கள். காங்கேயத்தை விட்டு வந்தபின் தன் அண்ணன் தம்பிகள் ஒரே ஒருமுறைதான் வந்தார்கள் என்றார் பெரியம்மாள். "வந்துட்டுப் போயி ஒரு வாரம் படுத்துக்கிட்டாங்களாமா. அப்பறம் வரல. எனக்குக் கோடி வாரதுக்குள்ள நான் எலும்பாப் போயிருவேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். கமலாத்தாள் சிரிக்கவில்லை.

அவர்கள் போனபிறகு அவள் கணவனிடம் நேராகவே கேட்டாள்.

"நாளைக்கு அங்க ஒண்ணுன்னா சீல பிளேனுலயா போவும்?"

சென்னியப்பன் இந்தக் கேள்வியோடு எழுந்து போனார். இரண்டு நாள் மேட்டுக் காட்டில் தனியாகச் சுற்றினார். மூன்றாம் நாள் தெளிந்த முகத்தோடு வந்தார்.

"சீல அப்பறம் போனாத்தான தூரம்? முந்தியே போயிட்டா?"

"என்னது?"

"கல்யாணச் சீரோட கோடியையும் பொட்டியில வெச்சு அனுப்பிச்சர்றது. அங்கயே கெடக்கட்டும். எப்ப வேணுமோ எடுத்துப் போத்திக்கட்டும்."

கமலாத்தாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"கல்யாணப் பொட்டிக்குள்ள சாவுச் சீலையா? உங்களுக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா?"

"சாவுச் சீலைன்னு அதுல எழுதியா இருக்குது? சீல சீலதான். போத்தறப்பதான் அது கோடி."

அவள் முறத்தை மறுபடி எடுத்தாள். பிறகு கேட்டாள். "செவப்பா, வெள்ளையா?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. கட்டுக்கழுத்தியாக இறந்தால் சிவப்பு. தாலி அறுத்தபின் இறந்தால் வெள்ளை. வெள்ளையை அனுப்பினால் மாப்பிள்ளை முந்துவார் என்று ஆகிறது. சிவப்பை அனுப்பினால் மகள் முந்துவாள் என்று ஆகிறது. சென்னியப்பன் தலையைச் சொறிந்தார். நேர்வழி இல்லாத ஒரு கேள்வியை மனைவி கேட்டுவிட்டாள்.

"செவப்பே இருக்கட்டும்" என்றார் கடைசியில். "மாப்பளைக்கு ஆயுசு கெட்டி. பாத்தாலே தெரியுது."

கமலாத்தாள் அந்தச் சிவப்புச் சீலையைத் தன் கையாலேயே பெட்டியின் அடியில் வைத்தாள். இடையில் வேப்பிலை போட்டாள். அதன் மேல் மற்ற சீலைகளை அடுக்கினாள்.

"இத மட்டும் கட்டாத" என்றாள் மகளிடம்.

"ஏனுங்கம்மா?"

"உங்கப்பனக் கேளு."

சென்னியப்பன் வாசலில் நின்றுகொண்டு சுற்றி வளைத்தார். அவருக்கு அது பழக்கமில்லை. "உனக்குத்தான் அம்மிணி. ஆனா வேணுங்கறப்ப நீ எடுக்க மாட்ட. வேற ஆராச்சும் எடுப்பாங்க."

முத்தாத்தாளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பா எதையும் பாக்கி வெக்க மாட்டாரும்மா" என்றாள்.

கல்யாணம் நடந்தது. பெண்ணையும் பெட்டியையும் பஸ் ஏற்றிவிட்டு, நிறுத்தத்தில் நின்ற எல்லோரிடமும் சென்னியப்பன் சொன்னார். "பறந்தா அரை மணி."

அது அவருக்குப் பெயராக நிலைத்தது. சந்தையில் அரைமணியார் என்றால்தான் தெரியும் என்கிற நிலை வந்தது.

"ஏனுங்க அரைமணியாரே, காலையில புள்ளையப் பாத்துட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது?"

"சாயங்காலமா போறாராமா. வெயில் தாந்து பறந்தா சுகமா இருக்கும்."

"எங்க காட்டு மேல பறக்கறப்பவாச்சும் கடலைய மிதிக்காதீங்க" என்பாள் நாச்சம்மாள்.

முத்தாத்தாள் முதல் தீபாவளிக்குக் கணவனோடு வந்தாள். அதன்பிறகு வரவில்லை. தீபாவளி சமயத்தில்தான் அங்கே ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருக்கும். கமலாத்தாள் ஒவ்வொரு கோடையிலும் கேட்டாள்.

"ஒருக்காப் போய்ப் புள்ளையப் பாத்துட்டு வரலாமுங்க."

"போலாம். பக்கந்தான. எப்ப வேணும்னாலும் போலாம்."

தூரத்தில் கொடுத்தவர்கள் நாள் பார்த்து, ஆள் பிடித்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் வந்தார்கள். பக்கத்தில் கொடுத்தவர் போகவில்லை. போனால் இரண்டு நாள் ஆகும். இரண்டு நாள் ஆனது ஊருக்குத் தெரியும். அரை மணியை அரை மணியாகவே காப்பாற்ற வேண்டுமானால் போகாமல் இருப்பதுதான் வழி. இது கமலாத்தாளுக்கும் தெரிந்திருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போவாள். மகளைப் பார்த்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது.

வண்டன்மேட்டில் தண்ணீர் வீட்டு முன்னால் மட்டுமில்லை, பின்னாலும் ஓடியது. கூரையிலிருந்து ஒழுகியது. சுவரில் கசிந்தது. பெட்டிக்குள் வைத்த துணியெல்லாம் பூஞ்சணம் பூத்தது. மழை விட்ட நாட்களில் முத்தாத்தாள் தன் சீலைகளை எடுத்துப்போய், ஏலக்காய் காயவைக்கும் சூட்டு அறைச் சுவரோரம் விரிப்பாள். அப்படி விரித்தபோது பெரியம்மாள் அந்தச் சிவப்புச் சீலையைப் பார்த்தார்.

"இதென்ன, மடிப்புக் கலையாமக் கெடக்குது? கட்டலையா?"

"அது கட்டறதில்லீங்க அத்த. என்ர கோடி. அப்பா குடுத்து உட்டாரு."

திட்டு விழும் என்று முத்தாத்தாள் காத்திருந்தாள். பெரியம்மாள் சீலையின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். திருப்பி மடித்தார்.

"எனக்கு இப்பிடி யோசிக்க ஒருத்தரில்லாமப் போச்சே" என்றார்.

அடுத்த ஆடியில் பெரியம்மாள் இறந்துபோனார். காய்ச்சல் என்று படுத்தவர் எழவில்லை. காங்கேயத்துக்குத் தந்தி போயிற்று. மழை ஓயவில்லை. கம்பமெட்டு ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. தந்தி போனதா, போயும் அவர்கள் கிளம்பவில்லையா, கிளம்பியும் கம்பத்தில் நிற்கிறார்களா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

முதல் நாள் காத்திருந்தார்கள். இரண்டாம் நாளும் காத்திருந்தார்கள். பெரியம்மாள் படுத்தது படுத்தபடியே இருந்தார். அந்தக் குளிரில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றவர்களால்தான் முடியவில்லை. அந்த மேட்டில் இருந்த அத்தனை வீடுகளிலும் அடுப்பு அணைந்திருந்தது. தார்ப்பாய்க்கு அடியில் ஆட்கள் வெறும் வயிற்றோடு, பீடியோடு நின்றார்கள்.

மூன்றாம் நாள் காலையில் சாந்தம்மாள் வாயைத் திறந்தாள். காய் எடுக்கிற பெண்களில் மூத்தவள், கம்பம் பக்கத்துக்காரி.

"ஏத்தா முத்தாத்தா, ஓம் மாமியா கெடப்பாக. இன்னும் நாலு நாளைக்குக்கூட கெடப்பாக. நாங்க கெடக்க மாட்டோம். பச்சப்புள்ளைக பசியில கத்துதுக. பொறந்த வீட்டுச் சேல ஒண்ணு விழுகாம எடுக்க மாட்டேன்றாரே ஓம் மாமனாரு."

முத்தாத்தாள் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். மேலே இருந்ததையெல்லாம் கட்டிலில் எடுத்து வைத்தாள். வேப்பிலை பொடியாகியிருந்தது. சீலையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள்.

பொங்கியண்ணன் தலையை நிமிர்த்தினார்.

"இது ஆரு ஊட்டுச் சீல அம்மிணி?"

"எங்கப்பா ஊட்டுதுங்க மாமா."

"உங்கப்பன் இவளுக்கு என்ன வேணும்?"

முத்தாத்தாள் சாந்தம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். சாந்தம்மாள்தான் சொன்னாள்.

"கோடி போட்டா அண்ணந்தேன். அண்ணன் மகளத்தேன் மருமகளாக் கட்டிக்கிட்டாகன்னு வச்சுக்கிருங்க. எங்கிட்டாச்சும் இடிக்குதா, சொல்லுங்க?"

பொங்கியண்ணன் யோசித்துப் பார்த்தார். எங்கேயும் இடிக்கவில்லை. முத்தாத்தாள் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிட்டிருந்தாள். அப்பாவின் தங்கையும் அத்தைதான். ரத்தினசாமி மாமனாரை மாமா என்றுதான் கூப்பிட்டான். அம்மாவின் அண்ணனும் மாமாதான். கல்யாணமாகி இத்தனை நாள் கழித்து அவனுக்கு அவன் மனைவி முறைப்பெண் ஆனாள். அதற்காக யாரும் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. சீலையைப் போர்த்தினார்கள். மத்தியானத்துக்குள் எல்லா வீட்டிலும் புகை எழுந்தது.

பொங்கியண்ணன் முறையைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை. பிறந்த வீடு என்று ஒன்று ஏற்பட்டபின் அதற்குத் தகவல் சொல்ல வேண்டும். வேலந்தாவளத்துக்குத் தந்தி கொடுக்கச் சொன்னார்.

வேலந்தாவளம் தபாலாபீசில் போஸ்ட்மாஸ்டர் வாசித்துக் காட்டினார். "சிஸ்டர் பெரியம்மாள் எக்ஸ்பயர்டு. ஸ்டார்ட் இம்மீடியட்லி. சகோதரி மரிச்சு போயி. உடனே புறப்படணும்."

"எனக்குச் சகோதரியே இல்லீங்களே" என்றார் சென்னியப்பன்.

"கம்பியில் உண்டல்லோ" என்று அவர் தந்தியைக் காட்டினார்.

"எங்கப்பனுக்கு நான் ஒருத்தன்தானுங்க."

"அத உங்கப்பனத்தான் கேக்கோணும்" என்றது ஸ்டாம்பு வாங்க நின்ற ஒரு குரல்.

தந்தியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார். கமலாத்தாள் ஒருமுறை கேட்டாள். திரும்பச் சொல்லச் சொல்லி மறுபடி கேட்டாள். அடுப்படியில் அப்படியே உட்கார்ந்தாள்.

"சம்பந்தியம்மா போயிட்டாங்க. உங்க தங்கச்சின்னு தந்தி வருதுன்னா, சீலயப் போத்திட்டா உங்க புள்ள."

"எந்தச் சீல?"

"நீங்க முந்தியே அனுப்பிச்சீங்களே, அது."

சென்னியப்பன் திண்டாடிப்போனார். தான் கண்ட வழி வேலை செய்துவிட்டது என்பது முதலில் பட்டது. யாருக்கு வேலை செய்தது என்பது அப்புறம்தான் பட்டது.

"இப்ப நீங்கதான் பொறந்த ஊடு" என்றாள் கமலாத்தாள். "கருமாதிக்கு மாப்பளைக்குத் தலையில உருமால் கட்டறது தாய்மாமன். நீங்க போவாம ஆரு கட்டறது?"

"அது... இந்த மழையில..."

"பக்கந்தானுங்களே."

அவளுடைய பை ஏற்கெனவே கட்டியிருந்தது. இரண்டரை வருஷமாகக் கட்டியே இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

கடலைக் காட்டு வழியே போகலாம் என்று அவர் இறங்கப் பார்த்தார். கமலாத்தாள் ரோட்டில் நடந்தாள். அவர் கொஞ்சம் நின்றுவிட்டு அவள் பின்னால் போனார்.

பொள்ளாச்சியில் பஸ் மாறினார்கள். அவள் டீ குடிக்கிற நேரத்தில் அவர் எங்கேயோ போய்விட்டு, ஒரு காகிதப் பொட்டலத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்தார். அவள் பார்த்தாள். கேட்கவில்லை.

"பறந்துட்டமாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

உடுமலை தாண்டியதும் தெற்கே மலை தெரிந்தது. மகள் அந்த மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். பஸ் கிழக்கே பழநியைப் பார்த்து ஓடியது. சென்னியப்பனால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றார்.

"ஏனுங்க கண்டக்டரு, ஊரு அந்தக்கட்டால இருக்குது. பஸ்ஸு இந்தக்கட்டால போவுதே?"

"பெரியவரே, மலைய இடிச்சுப்போட்டுச் சொல்லி அனுப்புங்க. நேராப் போலாம். இப்ப உக்காருங்க."

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். கமலாத்தாளும் சிரித்தாள். அவர் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். மலை வெகுநேரம் அங்கேயே நின்றது. வத்தலக்குண்டில் ஒரு மாற்றம். தேனியில் ஒரு மாற்றம். கம்பம் பஸ் ஸ்டாண்டில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தபடியே விடிந்தது.

அங்கிருந்து ஜீப். டிரைவர் சூசையப்பன் அரிசி மூட்டைகளுக்கு நடுவே அவர்களைத் திணித்து வைத்தான். மண்ணை ஒதுக்கி ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். முதல் வளைவில் சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். அதன்பிறகு அநேகமாக ஒவ்வொன்றிலும் சொன்னார். வளைவுகளுக்கு அவர் இத்தனை வருஷம் கொடுக்காத மரியாதையை அன்று காலையில் கொடுத்து முடித்தார்.

"வயித்துல இன்னும் என்னய்யா மிச்சம் இருக்கு?" என்றான் சூசையப்பன். "ஊர் வர்றதுக்குள்ள குடலே வந்துரும்போல."

"இன்னும் எத்தன தூரம்?"

"இந்தா, காக்கா பறந்தா ரெண்டு நிமிசந்தான்."

கமலாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பொங்கியண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். போன தடவை பார்த்தபோது வாங்க சம்பந்தி என்றவர் இப்போது, "வாங்க மச்சா" என்றார். ரத்தினசாமி, "வாங்க மாமா" என்றான், எப்போதும்போல.

முத்தாத்தாள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தைக்காக அழுகிறாள் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் முகம் வெளிறிக் கிடந்தது. வேட்டி முழுக்கச் சேறு.

"எத்தன நேரமாச்சுங்கப்பா?"

"பறந்திருந்தா அரை மணி" என்றார் அவர்.

கருமாதி நடந்தது. சென்னியப்பன் மருமகனுக்கு உருமால் கட்டினார். கோணலாகத்தான் கட்ட வந்தது. பிறந்த அன்றிலிருந்து அறியாத தங்கைக்கு அண்ணனாக முன்வரிசையில் உட்கார்ந்தார். பெரியம்மாளைப் பற்றி யாராவது பேசினால் தலையை ஆட்டினார். ஒரே ஒருமுறைதான் அவரைப் பார்த்துப் பேசியிருக்கிறார். பக்கத்துலதான் இருக்கறீங்க என்று சொன்னது அது. அன்று அந்த அம்மாள் திரும்பிப் பார்த்த பார்வை இப்போதுதான் அவருக்கு அர்த்தமாயிற்று.

கிளம்புகிற அன்று ஜீப் வாசலில் நின்றது. கமலாத்தாள் மகள் கொடுத்த ஏலக்காயைத் துணியில் முடிந்துகொண்டிருந்தாள். சென்னியப்பன் மகளைச் சுவரோரம் கூப்பிட்டுப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். சிவப்புச் சீலை. பழையதைவிடக் கரை அகலம்.

"அது செலவாயிருச்சல்லோ. இத வெச்சுக்க."

முத்தாத்தாள் வாங்கவில்லை.

"வேண்டாமுங்கப்பா."

"வெச்சுக்க அம்மிணி. தூரமல்லோ."

கமலாத்தாளின் கை முடிச்சில் அப்படியே நின்றது. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை.

"தூரந்தானுங்கப்பா" என்றாள் முத்தாத்தாள். "அதுக்கென்ன? அத்த மூணு நாளு கெடந்தாங்க, மொகம் வாடல. இந்தக் குளுருக்கு நான் மட்டும் கெட்டுப்போயிருவனா? சீலைய உங்க ஊட்டுலயே வெச்சுக்குங்க. எனக்கு ஒண்ணுன்னா நீங்களே கையில கொண்டாங்க. வார வரைக்கும் கெடக்கறேன்."

"வாயக் கழுவுடி" என்றாள் கமலாத்தாள்.

"ரோட்டுலயே வாங்கப்பா. அவசரமில்ல" என்றாள் முத்தாத்தாள். "அதுக்கு முந்தியும் வாங்க. மாசிக்கு மேல மழை இருக்காது."

சென்னியப்பன் பொட்டலத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அடுக்கி வைத்திருந்த ஒரு விஷயம் சரிந்து, அதற்குப் பின்னால் வேறொன்று தெரிந்ததுபோல நின்றார். பெண் கொடுக்கிற தூரத்துக்கு அவர்கள் ஊர் வைத்திருந்த அளவு அவர்கள் ஊர் வெயிலின் அளவு. இங்கே அது செல்லாது. அந்தக் கணக்கைப் போட அவருக்கு மத்தியாஸின் கோடு உதவியிருக்காது. ஒரு தடவை வந்து குளிரில் நின்றிருந்தால் போதும்.

ஜீப் இறங்கியது. மேகம் ரோட்டிலேயே கிடந்தது. கமலாத்தாளுக்குப் பற்கள் அடித்துக்கொண்டன. கொஞ்ச தூரம் பொறுத்தாள். பிறகு அவர் மடியிலிருந்த பைக்குள் கையை விட்டு, பொட்டலத்தைப் பிரித்து, அந்தச் சீலையை எடுத்து உதறித் தலையோடு போர்த்திக்கொண்டாள்.

சென்னியப்பன் பதறி வாயைத் திறந்தார்.

"என்னுங்க? போத்தறப்பதான் கோடின்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள் அவள். "நான் குளுருக்குப் போத்தறேன். தூரத்துக்குன்னு வாங்குன சீல. தூரத்துக்கே ஆவட்டும்."

வளைவு வந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அடுத்தது வந்தது.

"ஏனுங்க," என்றாள் கமலாத்தாள் சிவப்புக்குள்ளிருந்து, "மேல பறந்து போறவங்களுக்கும் இப்பிடித்தான் குளுருமா?"

"தெரியல" என்றார் சென்னியப்பன். "மத்தியாஸக் கேக்கோணும்."

கொஞ்சம் கழித்து, "மாசியில வாரப்ப கம்பளி ஒண்ணு எடுத்துக்கோணும்" என்றார்.